உங்கள் முடிவு: படம்

மார்ச் 2

ரேடியோவுக்கு,

இன்று காலை எழுந்ததும் பல்கூட விளக்காமல் முதல் வேலையாகக் கணினியைத் திறந்தேன். நேற்றுச் சாயங்காலமே உங்கள் பொது மருத்துவமனையிலிருந்து குறுஞ்செய்தி வந்துவிட்டது. ‘உங்கள் பரிசோதனை முடிவு தயார். இணையதளத்தில் காணலாம்.’ காணலாமாம். அதற்கெல்லாம் கோபப்படுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். நேற்றே திறக்கத்தான் தைரியம் வரவில்லை.

பதறாதே. ஒரு கட்டி. ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். உன்னிடம் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்வாய். யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று தெரிந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். என்னவென்று தெரிந்தபாடில்லை என்பதால்தான் இப்போது எழுதுகிறேன்.

அந்தப் பக்கத்துக்குப் போனதும், திரையில் இருப்பதை எனக்கு வாசிக்கும் இயந்திரக் குரல் இப்படிச் சொன்னது: “தலைப்பு, உங்கள் முடிவு. படம். பக்கத்தின் முடிவு.”

மறுபடி மேலே போய்க் கீழே வந்தேன். “உங்கள் முடிவு. படம். பக்கத்தின் முடிவு.” அவ்வளவுதான். காகிதத்தை ஸ்கேன் செய்து, அப்படியே ஒரு படமாக ஒட்டிவைத்திருக்கிறீர்கள்.

போன வருஷம் இந்த இணையதளத்தைச் சோதிக்க என்னை உன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டாயே, அப்போது நான் சொன்ன முதல் குறை இதுதான். “அது அடுத்த கட்டத்துலக்கா, இந்தக் கட்டத்துல முன்பதிவு மட்டும்” என்றாய். அடுத்த கட்டத்துக்கு முன்னால் எனக்குக் கட்டி வந்துவிட்டது.

படத்திலிருந்து எழுத்தைப் பிடித்து வாசிக்கும் வசதி கைப்பேசியில் இருக்கிறதல்லவா, அதையும் போட்டுப் பார்த்தேன். மேலே என் பெயர், வயது, ஏதோ குழறல். கடைசி வரி மட்டும் தெளிவாக வந்தது. ‘சோதித்த திசுவில் புற்றுநோய் அணுக்கள் காணப்பட’. அதற்குப் பிறகு, ‘ஆய்வ ட ம் முத்தி’. எத்தனை தடவை போட்டாலும் அதே ‘காணப்பட’தான்.

காணப்பட்டனவா, காணப்படவில்லையா? நம் மொழியில் உண்டு என்பதும் இல்லை என்பதும் வார்த்தையின் வாலில்தான் இருக்கிறது. உங்கள் ஆய்வுக்கூடத்தில் யாரோ சரியாக அந்த வாலின் மேல் ரப்பர் ஸ்டாம்பைக் குத்தியிருக்கிறார்கள். கண் இருப்பவர்களுக்கு மைக்கு அடியில் எழுத்து தெரியும். இயந்திரத்துக்குத் தெரியாது.

தொலைபேசியிலும் கேட்டேன். “ரிசல்ட் எல்லாம் இப்ப வெப்சைட்லதாம்மா. போன்ல சொன்னா எங்களுக்கு வேலை போயிடும். வீட்ல யாரையாவது படிக்கச் சொல்லுங்க” என்றாள் ஒரு பெண். வீட்டில் நான் மட்டும்தான் என்றேன். “அக்கம் பக்கத்துல?” என்றாள். டாக்டரைப் பார்க்க எனக்குக் கிடைத்திருக்கும் நாள் இருபத்தைந்தாம் தேதி.

நீ என் முடிவைத் திறந்து பார்க்காதே. அந்தப் பக்கத்தைச் சரி செய். போதும்.

அக்கா

*

மார்ச் 4

அக்கா,

திட்டாதே. முழுசாகப் படி, அப்புறம் திட்டு.

முதலில், ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் என்ன ரோட்டில் போகிறவனா? உன் கடிதத்தை ஆபீஸில் நின்றுகொண்டே படித்தேன். போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை.

இரண்டாவது, அந்தப் பக்கம் என் கையில் இல்லை. முத்திரை இல்லாத முடிவு செல்லாது என்கிறது ஆய்வுக்கூடம். எழுத்தாகவும் கொடுங்கள் என்றால், “யாரு டைப் அடிக்கிறது, நீயா?” என்கிறார்கள். பெரிய டாக்டரிடம் மூன்று தடவை கோப்பு வைத்தேன். இணையதளத்தைச் சோதிக்கும் மென்பொருள் நூற்றுக்கு நூறு கொடுத்திருக்கிறது, இனி என்னய்யா குறை என்கிறார். அந்த மென்பொருளுக்கு, குரல் வாசிப்பதற்கென்று படத்துக்கு ஒரு விளக்கம் இருந்தால் போதும். விளக்கத்தில் ‘படம்’ என்று எழுதியிருந்தாலும் அதற்குத் திருப்திதான்.

உன் பதிவு எண்ணை அனுப்பு. ஒரே நிமிஷம். பார்த்துச் சொல்லிவிடுகிறேன். தம்பி பார்ப்பதில் என்ன இருக்கிறது?

மூன்றாவது விஷயத்தை இப்போது சொல்லக் கூடாதுதான். ஆனாலும் நாள் நெருங்குகிறது. இருபதாம் தேதி புது இணையதளத்துக்குத் திறப்பு விழா. அமைச்சர் வருகிறார். பார்வையற்ற ஒருவரே மேடையில் உட்கார்ந்து, தானாக முன்பதிவு செய்து காட்ட வேண்டும் என்பது பெரிய டாக்டரின் யோசனை. என் அக்கா செய்வாள் என்று சொல்லிவிட்டேன். அழைப்பிதழில் போட்டும் ஆகிவிட்டது. முன்பதிவுப் பக்கம் நன்றாக வேலை செய்கிறது, நீயே சொன்னாய். ஐந்து நிமிஷ வேலை. இது நல்லபடியாக நடந்தால் என்னை நிரந்தரமாக்கிவிடுவார்கள். இத்தனை வருஷமாக ஒப்பந்தத்திலேயே ஓட்டுகிறேன், உனக்குத் தெரியும்.

எண்ணை அனுப்பு.

தம்பி

*

மார்ச் 6

ரேடியோவுக்கு,

போனை எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. போனில் நீ கத்துவாய், நான் அழுவேன். கடிதத்தில் உன் கத்தலையும் அதே மரக்கட்டைக் குரல்தான் வாசிக்கிறது. “தி ட் டா தே” என்று அது சொல்லும்போது எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

தம்பி பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். எனக்கு வந்த செய்தி எதுவும் எனக்கு முதலில் வந்ததே இல்லை. கல்லூரி மதிப்பெண்ணை அப்பா பார்த்துவிட்டு, முகத்தை நேராக்கிக்கொண்டு, பிறகு சொன்னார். வங்கியில் வேலை கிடைத்த கடிதத்தைத் தபால்காரர் பிரித்து வாசலில் நின்று வாசித்தார். தெருவுக்கே தெரிந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. என்னை விட்டுப் போனவன் எழுதிய கடிதத்தை நீ வாசித்தாய். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தினாய். அங்கே என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும், என்னிடம் சொல்லும் முன்பு அவர்கள் மூச்சை இழுத்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்கும். அந்த மூச்சிலேயே பாதி தெரிந்துவிடும். என் உடம்புக்குள் இருப்பதையும் அப்படித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? ஒரு தடவை, நானும் என் பயமும் மட்டும் இருக்கிற அறையில், எனக்கு நானே வாசித்துக்கொள்ள ஆசைப்பட்டேன். இதைப் போய் பேராசை என்பாயா?

இது வரை எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன். அதற்குள் மாடி வீட்டு டீச்சர் வந்தார்.

“என்ன நீங்க, சொல்லவே இல்ல! ஆஸ்பத்திரி வெப்சைட்டைத் திறந்தா நீங்கதான் பளிச்சுன்னு சிரிச்சுக்கிட்டு இருக்கீங்க.”

“நானா?”

“பின்ன யாரு, நானா? நீல டிரெஸ், கையில வெள்ளைக் குச்சி, முன்னாடி கம்ப்யூட்டர். கீழ ‘அனைவருக்கும் எட்டும் இணையதளம்’னு போட்டிருக்கு. ஒரு மாசமா இருக்கே. நீங்க பாக்கலியா?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு அந்தச் சத்தமும் கேட்கும்.

அவர் போனதும் முதல் பக்கத்தைத் திறந்தேன். நான் தினமும் போய் வருகிற பக்கம். குரல், தேடல் பெட்டியிலிருந்து நேராக ‘அனைவருக்கும் எட்டும் இணையதளம்’ என்ற வரிக்குத் தாண்டியது. நடுவில் மூச்சு விடவில்லை. பக்கத்தின் உள்ளே போய், அதை எழுதியிருக்கும் நிரலை வரி வரியாகக் கேட்டேன். படம் இருந்தது. விளக்கம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மேற்கோள் குறிகள், நடுவில் ஒன்றுமில்லை.

அதை உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சொன்னேன். கோடு, பூ, நிழல் என்று பொருளில்லாத படங்கள் இருக்கும்; அவற்றுக்கு விளக்கத்தை வெறுமையாக விட்டுவிடு, குரல் அவற்றைத் தாண்டிப் போய்விடும், எங்கள் நேரம் மிச்சமாகும் என்றேன். “அலங்காரப் படம்னா வெறுமை, பொருள் இருந்தா விளக்கம். பிடிச்சுக்கிட்டேன்க்கா” என்றாய். நன்றாகத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாய். நான் அலங்காரப் படம். ஊரே என்னைப் பார்க்கிறது, என்னைத் தவிர.

உன் அலுவலகத்தில் நான் சோதித்த அன்று அறையில் ‘க்ளிக்’ என்று கேட்டது. என்ன என்றதற்கு, “ஆபீஸ் ரெக்கார்டுக்குக்கா” என்றாய்.

நான் கல்லூரியில் படித்தபோது புத்தகம் புத்தகமாக எனக்கு வாசித்த பையன் நீ. படம் வந்தால் ஒரு நாளும் தாண்டிப் போனதில்லை. “அக்கா, இங்க ஒரு ராஜா. மீசை ஒரு பக்கம் மட்டும் தூக்கியிருக்கு. குதிரைக்கு அவரைப் பிடிக்கல போல” என்பாய். அந்தப் பையன் எங்கே போனான்?

விழாவுக்கு வரமாட்டேன். எண்ணும் அனுப்பமாட்டேன்.

அக்கா

*

மார்ச் 8

அக்கா,

திட்டாதே என்று சொல்ல இந்தத் தடவை எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் திட்டு.

இணையதளத்துக்கான ஆயத்த வார்ப்புருவில் எல்லாப் பெரிய படங்களும் அப்படித்தான் வரும், கவனிக்கவில்லை என்று எழுதி, அழித்துவிட்டேன். கவனித்தேன். நான்தான் வெறுமையாக விட்டேன். தெரிந்தால் படத்தை நீக்கச் சொல்லுவாய். நீக்கினால் எல்லாம் நின்றுவிடும்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு வருஷம் விதியைக் காட்டினேன், சட்டத்தைக் காட்டினேன், ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. “எத்தனை பேருய்யா குருடங்க வரப்போறாங்க?” என்று கூட்டத்தில் கேட்டார்கள். உன் போட்டோவைத் திரையில் போட்டேன். “இது என் அக்கா” என்றேன். அன்றைக்கே முன்பதிவுப் பக்கத்துக்குக் கையெழுத்து விழுந்தது. உன் முகத்தைக் காட்டித்தான் அந்தப் பக்கத்தை வாங்கினேன். இப்போது மாசத்துக்கு எத்தனையோ பேர் யாரையும் கெஞ்சாமல் முன்பதிவு செய்கிறார்கள். அது தப்பா? உன்னைக் கேட்காமல் செய்தது தப்பு. செய்ததே தப்பா?

இன்னொன்று. கோபத்தில் சொல்கிறேன், ஆனால் பொய் இல்லை. ரேடியோ ரேடியோ என்று இன்றைக்கும் எழுதுகிறாய். பள்ளிக்கூடம் விட்டதும் மற்றவர்கள் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து ராஜாக்களின் சண்டையை வாசித்தேன். என் பாடத்தை எப்போது படித்தேன் என்று யாரும் கேட்கவில்லை. “அவன் ரேடியோ மாதிரி, போட்டா பேசுவான்” என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். நீயும் சிரித்தாய். உன்னவன் எழுதிய கடிதத்தை வாசித்தபோது எனக்குப் பதினாறு வயது. அதில் ஒரு வரியை நான் விழுங்கினேன். அது இன்னும் என் தொண்டையில்தான் இருக்கிறது. உனக்குச் செய்தி முதலில் வரவில்லை, சரி. எனக்கு உன் செய்தியெல்லாம் முதலில் வந்ததே, அதை எடுத்துக்கொள் என்று நான் யாரிடம் சொல்வது?

போட்டோவை எடுத்துவிடவா? சொல்.

தம்பி

*

மார்ச் 10

தம்பி,

இனி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடமாட்டேன். நீ எழுதியதில் அது ஒன்றுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

மற்றதற்கு இருக்கிறது. என் முகத்தைக் காட்டிப் பக்கம் வாங்கினாய். வாங்கிய பிறகு அந்த முகத்துக்கு உரியவளை வாயிலுக்கு வெளியே நிறுத்தினாய். கூட்டத்தில் “இது என் அக்கா” என்று சொல்ல உனக்கு வாய் வந்தது. அதே மூன்று வார்த்தையை அந்த மேற்கோள் குறிகளுக்கு நடுவில் போட வரவில்லை.

படத்தை எடுக்காதே. விளக்கம் எழுது. ஒரு வரி. அதில் நான் எப்படி இருக்கிறேன் என்று நானும் கேட்டுக்கொள்கிறேன்.

முடிவுப் பக்கத்தில் எழுத்தும் வரும் என்று பெரிய டாக்டர் எழுத்தில் கொடுத்தால், விழாவுக்கு வருவதைப் பற்றி யோசிக்கிறேன். இல்லையென்றால் வேறு அலங்காரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா

*

மார்ச் 13

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கிறாய்? சாப்பிட்டாயா? தூக்கம் வருகிறதா?

படத்துக்கு விளக்கம் போட்டுவிட்டேன். ‘கணினி முன் அமர்ந்து, ஏதோ ஒரு குறையைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் சிரிக்கும் என் அக்கா’ என்று எழுதினேன். அலுவலகத்தில் அதை ‘கணினியைப் பயன்படுத்தும் மாற்றுத்திறனாளிப் பெண்’ என்று மாற்றிவிட்டார்கள். நான் சண்டை போடவில்லை. மன்னித்துக்கொள்.

நீ சொன்னதெல்லாம் சரிதான். நான் எழுதிய எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே. சின்ன வயசில் உனக்கு வாசித்ததுதான் என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான வேலை.

விழாவைப் பற்றி யோசிக்காதே. நீ வரவேண்டாம். யாரையாவது வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

டாக்டரிடம் பேசினேன். இருபத்தைந்து வரை காத்திருக்க வேண்டாம், திங்கட்கிழமையே வரச் சொல்கிறார். நான் லீவு போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து போகலாம். அதுவரை தனியாக இருக்காதே. மாடி வீட்டு டீச்சரைக் கூட வந்து படுத்துக்கொள்ளச் சொல்லேன்.

உன் தம்பி

*

மார்ச் 14

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை வராதே. லீவை ரத்து செய். டாக்டரை நானே பார்த்துக்கொள்கிறேன்.

இருபதாம் தேதி விழாவுக்கு வருகிறேன். பெரிய டாக்டரிடம் சொல்லிவிடு. ஒத்திகை வேண்டாம், எனக்குப் பழக்கமான பக்கம்தான். ஒலிபெருக்கியை மட்டும் என் கணினியோடு இணைத்துக் கொடு. குரல் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும்.

அக்கா

*

மார்ச் 14 (அனுப்பாதது)

தம்பி,

மேலே உள்ள கடிதத்தை அனுப்பிவிட்டு, இதை எழுதுகிறேன்.

நீ பார்த்துவிட்டாய்.

எண்ணை நான் தரவில்லை. பெயரும் பிறந்த தேதியும் போதுமே, உங்கள் அலுவலகத்தில். நீ பார்த்ததை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. ஆனால் உன் கடிதத்தில் ‘திட்டாதே’ இல்லை. கிண்டல் இல்லை. ‘அன்புள்ள’ என்று ஆரம்பித்திருக்கிறாய்; நீ எனக்கு எழுதியதில் அந்த வார்த்தை இதற்கு முன் வந்ததே இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாய். போன வாரம் தொண்டையில் இருக்கிறது என்று எழுதியவன், இந்த வாரம் ‘என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான வேலை’ என்கிறாய். இத்தனை வருஷம் காத்திருந்த நிரந்தர வேலை, ஒரே நாளில் பெரிய விஷயமில்லாமல் போய்விட்டது. டாக்டருக்கும் திடீரென்று திங்கட்கிழமை ஒழிந்துவிட்டது.

‘காணப்பட’ என்று அந்தரத்தில் நின்ற வார்த்தையின் வாலை நீ ஒட்டவைத்துவிட்டாய். மரக்கட்டைக் குரல்தான் வாசித்தது. ஆனாலும் நீ மூச்சை இழுத்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது.

நேற்று மத்தியானம் அதைக் கேட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து வாசிக்கவிட்டேன். பயந்தேன், அது உண்மை. ஆனால் பயத்துக்கு முன்னால் வந்தது கோபம். உன்னிடம் நான் கேட்டது இரண்டே இரண்டு. பார்க்காதே, சரி செய். சரி செய்ய உன்னால் முடியவில்லை. பார்க்க முடிந்தது.

நீ அன்பினால் பார்த்தாய். தெரியும். அழுதிருப்பாய், அதுவும் தெரியும். இதுவரை எனக்கு வந்ததையெல்லாம் என் கைக்கு முன்னால் பிரித்தவர்கள் அத்தனை பேரும் அன்பினால்தான் பிரித்தார்கள்.

திங்கட்கிழமை டாக்டரிடம் தனியாகப் போவேன். என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள்வேன். அதில் வீம்பு பிடிக்கமாட்டேன். நீ பக்கத்தில் இருக்கமாட்டாய் என்பதால், டாக்டர் சொல்லும்போது, அப்போதுதான் கேட்பவளைப் போல முகத்தை வைத்துக்கொள்ளும் சிரமம் எனக்குக் கிடையாது. இப்படியும் ஒரு நன்மை.

இருபதாம் தேதி மேடையில் உட்காருவேன். என் பெயரைச் சொல்லிக் கைதட்டுவார்கள். முன்பதிவுப் பக்கத்தைத் திறக்கச் சொல்வார்கள். நான் அதைத் திறக்கமாட்டேன். என் எண்ணைப் போட்டு முடிவுப் பக்கத்தைத் திறப்பேன். அமைச்சர், பெரிய டாக்டர், பத்திரிகைக்காரர்கள், நீ எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் அந்தக் குரல் சொல்லும்: “உங்கள் முடிவு. படம். பக்கத்தின் முடிவு.” மறுபடி மேலே போவேன். மறுபடி கேட்கவைப்பேன். பின்னாலிருக்கும் பெரிய திரையில் கண் உள்ள அத்தனை பேரும் என் கடைசி வரியை வாசித்து முடித்திருப்பார்கள். மூச்சை இழுத்துக்கொள்ளும் சத்தம் ஒரு அரங்கம் முழுக்கக் கேட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

பிறகு உன் பக்கம் திரும்பி, “தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு? வாசி” என்பேன்.

உன் வேலை போகலாம். நிரந்தரம் என்பது நிச்சயம் போகும். நேற்றிலிருந்து அதைத்தான் மனசில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். நீ எனக்கு வாசித்த ராஜாக்கள், கோணல் மீசை, விளையாடாத பந்து எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்துப் பார்த்தேன். கனமாகத்தான் இருக்கிறது. மற்றத் தட்டில், இன்று காலையும் எங்கோ ஒருத்தி பல் விளக்காமல் கணினியைத் திறந்து, ‘படம்’ என்று கேட்டுவிட்டு, அக்கம் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு உன்னைப் போலத் தம்பிகூட இருக்கமாட்டான்.

நீ வாசிப்பாயா, தாண்டிப் போவாயா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்காகவே வரவேண்டும் என்றும் தோன்றுகிறது.

இப்போது இந்தக் கடிதத்தை மூடப் போகிறேன். “அனுப்பவா, வரைவாக வைக்கவா?” என்று குரல் கேட்கிறது. வரைவாகவே இருக்கட்டும். இந்த ஒரு முடிவாவது எனக்கு முதலில் தெரிந்திருக்கட்டும்.